ஏற்றியாயிற்று, காவல் யார்?

தமிழ் இலக்கியச் சூழலில் ஒரு வாசகம் நெடுநாட்களாகப் புழங்கிவருகிறது: “இணையத்தில் ஏற்றிவிட்டோம், இனி இதற்கு அழிவில்லை.” நூல் வெளியீட்டு மேடைகளில் கேட்டிருக்கிறோம். சிற்றிதழ்த் தொகுப்புகளின் முன்னுரைகளில் படித்திருக்கிறோம். மறைந்த எழுத்தாளர்களின் நினைவுக் கூட்டங்களில், அன்னாரது படைப்புகளுக்கென ஓர் இணையதளத்தைப் பொத்தான் அழுத்தித் திறந்துவைத்து, கைதட்டல்களுக்கிடையே இதே வாசகத்தைச் சொல்லி அமர்ந்தவர்களைப் பார்த்திருக்கிறோம். சொல்பவர்களின் நல்லெண்ணத்தில் எங்களுக்கு ஐயமில்லை. ஆனால் அந்த வாசகம் பொய். அதை நம்பி நம்மவர்கள் கையிலிருந்த அச்சுப் பிரதிகளைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போடுகிறார்கள் என்பதால், தீங்கு விளைவிக்கும் பொய்.

இணையம் என்று நாம் சொல்வது ஆகாயத்தில் இல்லை. ஏதோ ஓர் ஊரில், குளிரூட்டப்பட்ட ஏதோ ஓர் அறையில், இரும்புச் சட்டகத்தில் செருகப்பட்ட ஒரு கணினி அது. வழங்கி என்று தமிழிலும் செர்வர் என்று பேச்சிலும் சொல்கிறோம். அதில் பெரும்பாலும் ஓடுவது லினக்ஸ். 1969இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் தொடங்கிய யூனிக்ஸின் வழிமுறையைப் பின்பற்றி எழுதப்பட்ட இயங்குதளம். அந்தக் கணினிக்கு வன்தட்டு உண்டு, விசிறி உண்டு, மின்சாரம் வேண்டும். வன்தட்டு தேயும், விசிறி நிற்கும், மின்சாரம் போகும். மென்பொருளுக்கும் வயதாகும். ஓலைச்சுவடிக்குச் செல் என்றால் இதற்கு வேறு செல். ஏடு காத்தவர்கள் எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவினார்கள், வெளியே எடுத்துப் பிரித்துப் பார்த்தார்கள், நைந்ததைப் பெயர்த்து எழுதினார்கள். அந்த வேலையை எவரும் கைதட்டிப் பாராட்டவில்லை. ஆனால் அது நடந்த இடங்களில்தான் ஏடுகள் மிஞ்சின. நடக்காத இடங்களில் என்ன ஆயிற்று என்பதை உ.வே.சாமிநாதையரின் தன்வரலாற்றைப் படித்தவர்கள் அறிவார்கள்.

வழங்கியின் உடல்நிலையைப் பார்ப்பது என்பது இந்த எண்ணெய் தடவும் வேலைதான். நாம் அதை இலக்கியப் பணியாக ஒருபோதும் கருதியதில்லை. எங்கள் வழக்கு இதுவே.

என்ன பார்க்க வேண்டும்?

இலக்கிய வாசகர்களுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. மெய்ப்புத் திருத்துவது எப்படி என்று நமக்குத் தெரியும். அட்டைக்கு எத்தனை ஜிஎஸ்எம் தாள் என்று பேசத் தெரியும். பைண்டிங் பிரிந்தால் அச்சகத்தாரிடம் சண்டை போடத் தெரியும். இதையும் தெரிந்துகொள்ளலாம். அடிப்படைகள் எளியவை.

முதலாவது, இடம். வன்தட்டில் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று சொல்லும் ‘டிஎஃப்’ என்ற ஆணை, 1971 நவம்பர் 3 தேதியிட்ட யூனிக்ஸின் முதல் கையேட்டிலேயே இருக்கிறது. ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக இந்த ஒரு கேள்வியை அந்த இயங்குதளம் கேட்கத் தயாராக இருக்கிறது, நாம்தான் கேட்பதில்லை. இதில் ஒரு நுட்பமும் உண்டு. இடம் மீதமிருக்கும்போதே கோப்புகளின் எண்ணிக்கைக்கான வரம்பு தீர்ந்துபோகலாம். ஐனோடு என்பார்கள். நூலகத்தில் அலமாரி காலியாக இருக்கிறது, ஆனால் பதிவேட்டில் வரி தீர்ந்துவிட்டது. புதிய நூல் எதையும் சேர்க்க முடியாது. அதைப் போன்றது. இடத்தை மட்டும் பார்ப்பவர் இதைக் காணமாட்டார்.

இரண்டாவது, சுமை. ‘அப்டைம்’ என்று கேட்டால் கடந்த 1, 5, 15 நிமிடங்களின் சராசரியாக மூன்று எண்கள் வரும். பலர் இதைச் செயலியின் உழைப்பு என்று மட்டும் நினைக்கிறார்கள். லினக்ஸில், வன்தட்டின் பதிலுக்காகக் காத்துக்கிடக்கும் பணிகளும் இந்த எண்ணில் சேரும். செயலி சும்மா இருக்கையில் சுமை எண் ஏறிக்கொண்டே போனால், வன்தட்டு திணறுகிறதா என்று பார்க்க வேண்டும். அது நோயின் முதல் அறிகுறியாக இருக்கலாம். பெரும்பாலான வன்தட்டுகள் தம் உடல்நிலையைத் தாமே குறித்தும் வைக்கின்றன. ஸ்மார்ட் என்று அதற்குப் பெயர். படிக்க ஆள் வேண்டும்.

மூன்றாவது, இரவில் தானே நடக்க வேண்டிய வேலைகள். கிரான் என்பது யூனிக்ஸின் முறைக்காவலர்; குறித்த நேரத்தில் குறித்த வேலையைச் செய்வார். காப்புப்படி எடுப்பது பெரும்பாலும் அவர் பொறுப்பு. வேலை நடந்ததா, நடந்தது சரியாக நடந்ததா என்பவை இரு வேறு கேள்விகள்.

நான்காவது, வெளியிலிருந்து பார்ப்பது. 1983 டிசம்பரில் மைக் மூஸ் எழுதிய ‘பிங்’ இன்றும் பயன்படுகிறது: உயிரோடு இருக்கிறாயா என்று கேட்டு, பதில் வரும் நேரத்தை அளக்கும் சிறு நிரல். 1999இல் ஈதன் கால்ஸ்டாட் நெட்செயின்ட் என்ற பெயரில் வெளியிட்டு, 2002இல் நாகியோஸ் எனப் பெயர் மாறிய கட்டற்ற மென்பொருள், இப்படிப்பட்ட கேள்விகளை ஓயாது கேட்டு, பதில் பிசகினால் ஆளை எழுப்பும். 2012இல் சவுண்ட்கிளவுட் நிறுவனத்தில் பிறந்த ப்ரொமீதியஸ், எண்களைச் சேர்த்துவைத்து நேற்றோடு இன்றை ஒப்பிட்டுக் காட்டும். இவற்றில் எதற்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை.

தேதி இருந்தது, உள்ளே ஒன்றுமில்லை

எங்களில் மூவர் எழுதிவந்த ஒரு மின்னிதழின் கதையைச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம், நடத்தியவர்கள் நம்மைப் போன்றவர்கள்தான், கைக்காசு போட்டவர்கள். அவ்விதழின் வழங்கியில் இரவுதோறும் காப்புப்படி எடுக்கும் ஏற்பாடு இருந்தது. கோப்பகத்தைத் திறந்தால் முப்பது கோப்புகள், முப்பது தேதிகள், ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கும். முப்பத்தொன்றாவது வந்ததும் முதலாவது அழிக்கப்படும். சிக்கனமான ஏற்பாடு.

ஒருநாள் பதிகைக் கோப்புகள் பெருத்து, அந்தப் பகுதியின் இடம் தீர்ந்துபோயிற்று. தரவுத்தளம் வேறு பகுதியில் இருந்ததால் இதழ் தடையின்றி வந்துகொண்டிருந்தது. வாசகர்கள் படித்தார்கள், பின்னூட்டமிட்டார்கள். ஆனால் அன்றிரவு முதல் எழுதப்பட்ட காப்புப்படிகள் எல்லாம் பூஜ்ய பைட்டுகள். பெயர் இருந்தது, தேதி இருந்தது, உள்ளே ஒன்றுமில்லை. முப்பதாம் நாள், கடைசி நல்ல பிரதியும் விதிப்படி ஒழுங்காக அழிக்கப்பட்டது. பல மாதங்கள் கழித்து வன்தட்டு பழுதானபோது, காப்புப்படிகளின் கோப்பகம் வெற்றுப் பாத்திரங்களின் வரிசையாக இருந்தது. சிறுகதைகளும் மொழிபெயர்ப்புகளும் எங்கள் மூவரின் கட்டுரைகளும் போயின. அவற்றில் சில, அச்சில் ஒருபோதும் வராதவை. எழுதியவர்களில் ஒருவர் இப்போது உயிருடன் இல்லை.

‘டிஎஃப்’ என்ற அந்த ஈரெழுத்து ஆணையை வாரம் ஒருமுறை எவரேனும் தட்டியிருந்தால் போதும். தட்ட வேண்டும் என்பது எவருடைய வேலையாகவும் இல்லை.

இது ஏழைச் சிற்றிதழ்களுக்கு மட்டும் நேர்வது என்று எண்ண வேண்டாம். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர், களைத்த நேரத்தில், தவறான வழங்கியின் தரவுக் கோப்பகத்தை அழித்துவிட்டார். அவர்களிடம் ஐந்து வகைக் காப்பு ஏற்பாடுகள் இருந்தன. ஐந்தில் ஒன்றும் நம்பத்தக்கபடி வேலை செய்யவில்லை என்பதை அன்றுதான் கண்டார்கள். அன்றாடக் காப்புப்படி, மென்பொருள் பதிப்புப் பொருந்தாமையால் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோல்வியை அறிவிக்கும் மின்மடல்களோ பெறுநரைச் சேராமல் நிராகரிக்கப்பட்டிருக்கின்றன. ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்கு முன், வேறொரு காரணத்துக்காகத் தற்செயலாக எடுக்கப்பட்ட பிரதி ஒன்று அவர்களைக் காப்பாற்றியது. காவலர் தூங்கினார், காவலர் தூங்குவதைச் சொல்ல வேண்டிய மணியும் நாவறுந்து கிடந்தது. கிட்லேப் இவ்வளவையும் ஒளிக்காமல் எழுதி வெளியிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். நம்மிடம் அந்தப் பழக்கமும் இல்லை. தமிழில் ஒரு தளம் மறைந்தால் காரணம் சொல்லப்படுவதில்லை. “சில தொழில்நுட்பக் காரணங்களால்” என்ற ஒரு வரியோடு முடிகிறது.

2008 இறுதியில் ஜர்னல்ஸ்பேஸ் என்ற வலைப்பதிவுச் சேவை இவ்வாறே முடிந்தது. ஒன்றின் நகல் மற்றொன்றாக இரு வன்தட்டுகள் வைத்திருந்தார்கள். அதையே காப்பு என்று நம்பினார்கள். தரவு அழிக்கப்பட்டபோது அந்த அழிவும் மற்றதில் அப்படியே நகலாயிற்று. கண்ணாடி, எதிரே இருப்பதைத்தானே காட்டும்!

தமிழுக்கே உரிய நோய்

மேலே சொன்னவை உலகப் பொதுவான நோய்கள். தமிழுக்கென்று தனி நோய் ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட எந்த வழிகாட்டியும் இதை நமக்காகப் பார்த்துச் சொல்லாது.

திஸ்கியிலும் பல்வேறு எழுத்துருக்களிலும் எழுதிக்கொண்டிருந்த நாம், 2000களில் மெல்ல மெல்ல ஒருங்குறிக்கு வந்தோம். அந்த இடப்பெயர்வில், தரவுத்தளத்தைப் பழைய மேற்கத்திய எழுத்துக் குறியீட்டில் விட்டுவிட்டு அதற்குள் தமிழை இட்ட தளங்கள் ஏராளம். வழங்கியை மாற்றும்போதோ, காப்புப்படியிலிருந்து மீட்கும்போதோ, குறியீடு ஒன்று பிசகினால் போதும்: ஒரு முழு நாவல் கேள்விக்குறிகளாக மாறிவிடும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு கேள்விக்குறி. எழுத்து கலங்கியிருந்தால் சில வேளை மீட்டுவிடலாம். கேள்விக்குறியாகவே சேமிக்கப்பட்டுவிட்டால் எந்த மருந்தும் இல்லை.

இந்த நிலையில் வழங்கியைக் கேட்டுப் பாருங்கள். பிங்குக்குப் பதில் சொல்லும். பக்கத்தைக் கேட்டால், ‘எல்லாம் நலம்’ என்று பொருள்படும் 200 என்ற எண்ணைத் தரும். சுமை குறைவு, இடம் ஏராளம். கண்காணிப்புத் திரையில் பச்சை விளக்கு. உள்ளே தமிழ் இல்லை. களவர ஆட்பெயர் தகுதியைத் தவறவிட்ட, அதாவது கட்டணம் கட்டாமல் காலாவதியான முகவரிகளின் கதையும் இதேதான்: வேறொருவர் வாங்கிச் சூதாட்ட விளம்பரத்தை ஏற்றியிருப்பார், அதுவும் 200 என்றே சொல்லும். கவிதை இருந்த இடத்தில் ரம்மி இருக்கிறது. இயந்திரத்துக்கு இரண்டும் ஒன்று.

ஆகவே நாம் கேட்க வேண்டிய கேள்வியை நாமேதான் வகுக்க வேண்டும். நாகியோஸின் இணையப்பக்கச் சோதனை நிரலுக்கு, பக்கத்தில் குறிப்பிட்ட ஒரு சொல் இருக்கிறதா என்று பார்க்கவும் தெரியும். உங்கள் இதழின் மிகப் பழைய கட்டுரை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அதிலுள்ள ஒரு தமிழ்ச் சொல்லைத் தேடச் சொல்லுங்கள். அச்சொல் இல்லாத அன்று மணி அடிக்கட்டும். எந்தப் பக்கம், எந்தச் சொல் என்று தேர்வது பொறியாளரின் வேலை இல்லை; பதிப்பாசிரியரின் வேலை. கண்காணிப்பு இலக்கியவாதிகளின் பொறுப்பு என்று நாங்கள் அடித்துச் சொல்வது இதனால்தான்.

வரும் மறுப்புகள்

“இதெல்லாம் கணினிக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள்.” எந்தக் கணினிக்காரர்? நமது தளங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் இருப்பவர் ஒரே ஒரு நண்பர். பகலில் வேறு வேலை பார்ப்பவர். திருமணமாகி, ஊர் மாறி, சலித்து ஒதுங்கினால் கடவுச்சொல்லும் அவரோடு போகும். அவருக்கு இதழின் ஆசிரியர் குழுவில் பெயர்கூட இருக்காது.

“மேகத்தில் இருக்கிறது, பெரிய நிறுவனம் பார்த்துக்கொள்ளும்.” மேகம் என்பது பிறருடைய வழங்கி. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவுமையம் தீப்பற்றி எரிந்தபோது, வேறிடத்தில் காப்புப்படி வைக்காதவர்களின் தளங்கள் சாம்பலாயின. நிறுவனம் தருகிற வாக்குறுதியையும் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 99.9 விழுக்காடு இயங்கும் என்றால் ஆண்டுக்கு எட்டே முக்கால் மணி நேரம் இயங்காமலிருக்க உரிமை உண்டு என்று பொருள். அதுவும் இயங்குவதைப் பற்றிய வாக்குறுதிதான்; உங்கள் எழுத்து உள்ளே முழுதாக இருப்பதைப் பற்றியது அன்று.

“எங்கள் வழங்கி ஆயிரம் நாட்களாக நிற்காமல் ஓடுகிறது.” இதைப் பெருமையாகச் சொல்பவர்களுக்கு அனுதாபங்கள். ஆயிரம் நாட்களாக மறுதொடக்கம் செய்யாத வழங்கி, பெரும்பாலும் ஆயிரம் நாட்களாகக் கருநிரலின் பாதுகாப்புத் திருத்தங்களை ஏற்காத வழங்கி.

“நாள்தோறும் நூறு எச்சரிக்கை மடல்கள் வருகின்றனவே.” வருகின்றன, எவரும் படிப்பதில்லை. எல்லாவற்றுக்கும் குரைக்கும் நாயைத் திருடன் வந்தபோதும் ‘சும்மா கிட’ என்றுதான் சொல்வோம். எச்சரிக்கை என்று ஒன்று வந்தால், பெறுபவர் எழுந்து ஒரு காரியம் செய்ய வேண்டியதாக அது இருக்க வேண்டும். மற்றவை குறிப்பேட்டுக்குப் போகட்டும்.

மலையில் தெரிந்த விஷயம்

ஏற்காட்டில், ஒண்டிக்கடையில் கூடிப் பேசுகிற எங்களுக்கு, கண்காணிப்பு என்பதற்கு வேறெங்கும் உதாரணம் தேட வேண்டியதில்லை. சேர்வராயன் மலைச்சரிவுகளில் சில்வர் ஓக் மரங்களின் நிழலிலும் மிளகுக் கொடிகளுக்கிடையிலும் அராபிகா காப்பி பயிராகிறது. காப்பித் தோட்டங்களில் காலையில் மழைமானியைப் பார்த்து அளவைக் குறித்துவைக்கும் வழக்கம் உண்டு. மழையே பெய்யாத நாளிலும் பூஜ்யம் என்று குறிக்க வேண்டும். வெற்றுக் கட்டம் வேறு, பூஜ்யம் வேறு. முன்னது ‘பார்க்கவில்லை’, பின்னது ‘பார்த்தோம், இல்லை’. பூக்க வைக்கும் மழை இந்த ஆண்டு பிந்துகிறதா என்று தெரிய, பல ஆண்டுக் குறிப்பு வேண்டும். ஒருநாள் எண்ணுக்கு மதிப்பில்லை, வரிசைக்கே மதிப்பு.

அராபிகாவின் பெரும் பகை வெள்ளைத் தண்டுத் துளைப்பான். வண்டு பட்டையின் பிளவுகளில் முட்டையிடும். புழு தண்டுக்குள் இறங்கிக் குடைந்துகொண்டே போகும். இலை பழுத்து வாடுவது தெரியும்போது காலம் கடந்திருக்கும். ஆகவே, வண்டு பறக்கும் பருவத்துக்கு முன்பே ஆட்கள் செடி செடியாகத் தண்டைப் பார்த்துப் போவார்கள். பட்டையில் மேடு தட்டியிருந்தால் அந்தச் செடியைப் பிடுங்கி எரிப்பார்கள். பச்சையாகத் தெரிகிற செடியைத்தான் பரிசோதிக்க வேண்டும் என்பது இங்கே கூலிக்கு வேலை செய்பவர்களுக்கும் தெரியும். பச்சை விளக்கைப் பார்த்துத் திருப்தியடையும் நமது இணைய ஆர்வலர்களுக்கு அது தெரியவில்லை.

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வருகிறது எங்கள் சாலை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலோடு வந்த மழையில் அது மண்சரிவால் அடைபட்டது. குப்பனூர் வழியாக மற்றொரு சாலை உண்டு என்பதை மலைவாசிகள் நினைவில் வைத்திருப்பது இதற்காகத்தான். ஒரே வழியை நம்பி மலையேறுபவர் எவருமில்லை. ஒரே வழங்கியை நம்பி ஒரு வாழ்நாள் எழுத்தை ஏற்றுபவர்கள் மட்டும் ஏன்?

கண்காணிப்பால் ஆகாதது

நேர்மையாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வழங்கி திடமாக இருந்தும் எழுத்து சாகலாம். 2009 அக்டோபர் 26 அன்று யாஹூ ஜியோசிட்டீஸை மூடியது. அதே யாஹூ, 2019 அக்டோபரில் அறிவித்து, மடற்குழுக்களின் சேமிப்பை அழித்து, 2020 டிசம்பர் 15 அன்று குழுக்களையே மூடியது. மரத்தடியும் ராயர் காபி கிளப்பும் அந்தக் குழுக்களில்தான் நடந்தன. 2000களின் தமிழ் இலக்கிய உரையாடலில் ஒரு பெரும்பகுதி அங்கேதான் இருந்தது. யாஹூவின் வழங்கிகளுக்கு எந்த நோயும் இல்லை. உரிமையாளருக்கு விருப்பமில்லை, அவ்வளவே. இதற்கு எந்த நாகியோஸும் மணி அடிக்காது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். காப்புப்படி எடுத்து, அதை மீட்டுப் பார்த்து, இரண்டாம் இடத்தில் வைத்திருந்தவர்களுக்கு உரிமையாளரின் அறிவிப்பு ஒரு செய்தி மட்டுமே. மற்றவர்களுக்கு அது மரண அறிவிப்பு. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் இன்றும் நிற்பதற்கு, லோசானிலிருந்து அதை நடத்திய கல்யாணசுந்தரத்தின் உழைப்பும் தன்னார்வலர்களின் தட்டச்சும் முதற்காரணங்கள். மற்றொரு காரணமும் உண்டு: முகப்புப் பக்கத்தை நீக்காமல் எவரும் பிரதி எடுத்து வழங்கலாம் என்று அவர்கள் அனுமதித்தார்கள். பிரதிகள் பரவின. ஒரு வழங்கி வீழ்ந்தாலும் நூல் வீழாது.

யாழ்ப்பாணப் பொதுநூலகம் 1981இல் எரிக்கப்பட்டதை நாம் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. எரித்தவர்களைச் சுட்டுகிற நம் விரல், யாருமே எரிக்காமல் நம் கவனமின்மையால் அழிந்துகொண்டிருக்கும் நூலகங்களின் பக்கமும் ஒருமுறை திரும்ப வேண்டும். அங்கே பகைவர் இல்லை. அழுவதற்குச் சாம்பலும் இல்லை.

நாங்கள் கேட்பது

இணையத்தில் தமிழ் எழுத்தை வெளியிடும் ஒவ்வோர் இதழும், அறக்கட்டளையும், நினைவுக் குழுவும் பின்வருவனவற்றைச் செய்ய வேண்டும்.

வழங்கியைப் பார்ப்பவரின் பெயர் ஆசிரியர் குழுவில் அச்சாக வேண்டும். அவருக்கு மாற்றாள் ஒருவரும் வேண்டும். காப்புப்படியின் தேதியை மட்டும் பார்க்காமல் அதன் அளவையும் பார்க்க வேண்டும். நேற்றையதைவிட இன்றையது சட்டென்று சிறுத்தால் எச்சரிக்கை வர வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, காப்புப்படியை வேறொரு கணினியில் விரித்து, ஏதேனும் ஒரு கட்டுரையைத் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரு மனிதர் படித்துப் பார்க்க வேண்டும். விரித்துப் படிக்காத காப்புப்படி வெறும் நம்பிக்கைதான். முகவரிக் கட்டணமும் பாதுகாப்புச் சான்றிதழும் முடியும் நாட்கள் ஒருவருக்கு மேற்பட்டோரின் நாட்காட்டியில் இருக்க வேண்டும். இன்னொரு பிரதி இன்னொரு ஊரில், இன்னொருவர் பொறுப்பில் இருக்க வேண்டும்.

இவற்றுக்கு ஆகும் செலவு, ஒரு வெளியீட்டு விழாவின் பொன்னாடைச் செலவைவிடக் குறைவு. ஆகும் நேரம், வாரத்துக்கு அரைமணி. இல்லாதது பணமோ அறிவோ இல்லை. இந்த வேலை இழிவானது, இலக்கியத்துக்குப் புறம்பானது என்ற நமது பழைய எண்ணம் போகவில்லை. ஏடு எழுதியவனைப் பாடுவோம், ஏட்டுக்கு எண்ணெய் தடவியவனைப் பெயர் சொல்லாமல் விடுவோம். அந்தப் பழக்கத்தின் விலையை ஒருமுறை கொடுத்தாயிற்று.

அடுத்த முறை ஒரு மேடையில் எவரேனும் பொத்தானை அழுத்தி, இனி அழிவில்லை என்று அறிவிக்கும்போது, வாசகர்களே, கைதட்டுவதற்கு முன் எழுந்து நின்று மூன்றே கேள்விகள் கேளுங்கள். இது நின்றுபோனால் யாருக்கு மணி அடிக்கும்? காப்புப்படியைக் கடைசியாக விரித்துப் படித்தது எந்த நாள்? நீங்கள் இல்லாத காலத்தில் கட்டணம் கட்டப்போவது யார்? விடை வந்தால், கைதட்டலாம்.